ஜி.எஃப்.சி.எஃப் ஏறுதுன்னு சொல்றாங்களே, உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: சார், பழைய ஃப்ளாட் ஒண்ணு வாங்கினேன், கொஞ்சம் நகையும் எடுத்தேன். இது நாட்டோட நிலை மூலதன முதலீட்டுல, அதாவது ஜி.எஃப்.சி.எஃப்ல வருமா?

ரெண்டும் வராதுங்க. வீடு, ரோடு, மெஷின் மாதிரி வருஷக்கணக்கா உழைக்கற சொத்து நாட்டுல புதுசா எவ்வளவு சேர்ந்துச்சுங்கறதுதான் இந்தக் கணக்கு. ஃப்ளாட் கட்டின வருஷமே கணக்குல ஏறிடுச்சு, இப்ப கை மாறுது, அவ்வளவுதான். தங்கம் 'மதிப்புமிக்க பொருள்'னு தனி வரிசை. ஆனா நான் மாடியில ஒரு ரூம் எடுத்தேனே, அது வரும். யாரும் வீட்டுக்கு வந்து அளக்கலையேன்னு கேக்காதீங்க, சிமென்ட், கம்பி, செங்கல் எவ்வளவு போச்சுன்னு வச்சுத்தான் நாட்டுல கட்டுமானம் எவ்வளவுன்னு பெரும்பாலும் கணிக்கிறாங்க, என் வீட்டு சிமென்ட் மூட்டையும் அதுல எங்கயோ இருக்கு.

கேள்வி: 2021-22ல முதலீடு பயங்கரமா ஏறுச்சுன்னு படிச்சேன், நிஜமா?

முந்தின வருஷம் கொரோனா பள்ளம், அதான். 100 ரூபா 90 ஆகி, அடுத்த வருஷம் 15 சதவீதம் ஏறினா 103.50, ரெண்டு வருஷத்துக்கு மூணரை ரூபா, ஆனா தலைப்புல 15னுதான் போடுவாங்க. அதனால வளர்ச்சி சதவீதத்தை மட்டும் பாக்காதீங்க, ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல, எத்தனை பங்குன்னும் பாருங்க. 2011-12ஐ ஒப்பிடுற அடிப்படை வருஷமா வச்ச கணக்குப்படி, அந்த 2011-12ல இந்தப் பங்கு 34 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு, அஞ்சாறு வருஷத்துல 28 பக்கம் வந்துடுச்சு. இதுல வேடிக்கை, ரூபாயில பாத்தா முதலீடு ஏறிட்டேதான் இருந்துச்சு, ஜிடிபி அதைவிட வேகமா ஏறுச்சு. கம்பெனிங்க கடன்ல முங்கி, பேங்குகளோட வாராக்கடன் 2018 மார்ச்ல 11 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா புது ஃபேக்டரி யாரு போடுவா, யாரு கடன் குடுப்பா? கொரோனாவுக்கு அப்புறம் திரும்ப 30ஐ ஒட்டி வந்துச்சு.

கேள்வி: அப்ப தூக்கி விட்டது யாரு, கவர்மென்ட்டா?

பாதி சரி. மத்திய அரசோட மூலதனச் செலவு 2019-20ல சுமார் 3.4 லட்சம் கோடி, 2024-25 பட்ஜெட்ல ஒதுக்கினது 11.11 லட்சம் கோடி. ரோடு, ரயில்வேன்னு கண்ணுக்கே தெரியுது. ஆனா இந்த வருஷங்கள்ல மொத்த முதலீட்டுல பெரிய பங்கு தனியார் கம்பெனியும் குடும்பங்களும்தான், குடும்பம்னா முக்கியமா வீடு கட்டுறது. 2019 செப்டம்பர்ல கம்பெனி வரியை 30ல இருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, புது உற்பத்தி கம்பெனிக்கு 15. லாபம் நல்லா வந்துச்சு, அந்த அளவுக்கு மெஷின் வந்துச்சான்னா இல்லைன்னுதான் சொல்வேன். இருக்கற மெஷினே முழுசா ஓடலைன்னா வரியைக் குறைச்சதுக்காக ஒருத்தர் புதுசு வாங்க மாட்டார்.

கேள்வி: ஐயா, கறவை மாடு வாங்கினா முதலீடா?

உண்மையிலேயே வரும்! வருஷக்கணக்கா பால் குடுக்குது இல்ல, மெஷின் மாதிரிதான், ரப்பர், தேயிலைத் தோட்டமும் அப்படியே. கறிக்கு வளர்க்கற ஆடு மட்டும் கையிருப்புக் கணக்கு. ஆனா பக்கத்து ஊர்க்காரர்கிட்ட மாட்டைப் புடிச்சா உங்களுக்கு பிளஸ், அவருக்கு மைனஸ், நாட்டுக்கு சைபர். கன்னுக்குட்டி வளந்து கறவைக்கு வந்தா சொல்லுங்க, அது ஏறும்.