எமர்ஜென்ஸ் (சிறு பகுதிகள் சேரும்போது தனித்தனியே இல்லாத புதுப் பண்பு தோன்றுவது), சிக்கல்தன்மை (ஒழுங்கும் தாறுமாறும் கலந்திருப்பது) இதையெல்லாம் எண்ணால் அளக்க முடியுமா?

ஆய்வுக்குத் தலைப்பு எடுத்துவிட்டு, எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கே நின்றவள்தான். அளக்க முடியும். ஆனால் எதை ஒரு அலகாக எடுத்து எண்ணப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எம்.எஸ்சி. கடைசி வருடம் செல்லுலார் ஆட்டோமேட்டாவில் புராஜெக்ட் செய்தேன். வரிசையாக 0, 1 நிரப்பிய கட்டங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஒரு விதிப்படி மாறும், அவ்வளவுதான். ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண்தான் பெயர். கார்லோஸ் கெர்ஷென்சனும் நெல்சன் ஃபெர்னாண்டஸும் 2012-ல் தந்த அளவைப் பிடித்துக்கொண்டேன். ஷானன் என்ட்ரோபியை, அதாவது அடுத்து எது வரும் என்று ஊகிக்க முடியாத தன்மையின் அளவை, 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவந்தால் அது எமர்ஜென்ஸ். 1-லிருந்து அதைக் கழித்தால் தன்னொழுங்கு. இரண்டையும் பெருக்கி, 4-ஆலும் பெருக்கினால் சிக்கல்தன்மை. முழு ஒழுங்கிலும் முழுத் தாறுமாறிலும் அது 0 ஆகிவிடும்.

விதி 30-க்குச் சிக்கல்தன்மை போட்டேன், கிட்டத்தட்ட 0. சரி, அது தாறுமாறானது. அப்புறம் விதி 110. எந்தக் கணக்கையும் செய்யவல்லது என்று மாத்யூ குக் நிரூபித்த விதி அது. அதற்கும் 0.06 தான் வந்தது! இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பிழையே இல்லை. அந்த விதியின் பின்புலம் 14 கட்டங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும் கோலம். அதில் எட்டு 1, ஆறு 0. ஒவ்வொரு கட்டமாக எண்ணினால் காசு சுண்டிப் போட்ட மாதிரிதான் தெரியும்.

பேப்பரில் 010101 என்று எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தனித்தனியாக எண்ணினால் என்ட்ரோபி 1. இரண்டிரண்டாக வெட்டினால் எல்லாமே 01, என்ட்ரோபி 0. வரிசை ஒன்றுதான்.

சூத்திரம் தப்பு என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'பல அளவுகளில்' என்று இருக்கிறது. நானும் பல அளவுத் தொகுதிகளுக்குக் கணக்கிட்டுக் காட்டினேன். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி கேட்க வந்தவர் "இத்தனை எண் எதற்கு, ஒரே எண்ணாகச் சொல்லு" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அது இன்னமும் வலிக்கிறது.

நீங்கள் 1, 2, 4, 8 கட்டத் தொகுதிகளுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு வரைபடமாகவே காட்டுங்கள். 8 கட்டத்துக்கு 256 வகைத் தொகுதிகள் சாத்தியம். அதனால் வரிசையில் பல ஆயிரம் கட்டங்களாவது இருக்கட்டும், இல்லையென்றால் என்ட்ரோபி பொய்யாகக் குறைந்து காட்டும்.