வண்டி எண்ணுறதுக்கு எதுக்கு இங்கிலாந்துன்னு கேட்ட வீட்டுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். தம்பி சிவில் முடிச்சுட்டான், இங்கிலாந்துல டிரான்ஸ்போர்ட் எம்எஸ்சிக்கு சீட் வந்திருக்கு, அந்த அரை ஏக்கர வித்தாதான் ஃபீஸ் கட்ட முடியும், உங்க வீட்டுக்காரர் "ரோட்டுல நின்னு வண்டி எண்ணுறதுக்கா இவ்ளோ செலவு"ன்னு சத்தம் போடுறார். அவர் கேக்குறதுல தப்பே இல்ல. நானும் சிவில்தான் படிச்சேன், வெயில்ல ரோட்டோரமா நின்னு பஸ் இத்தன லாரி இத்தன டூவீலர் இத்தனன்னு நோட்டுல நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்க இழுத்து எண்ணியிருக்கேன், மதியத்துக்கு மேல பாதி கணக்கு குத்துமதிப்புதான்.

இப்ப அந்த எண்ணுற வேலைய ரோட்டுக்குள்ள புதைச்ச கம்பிச்சுருளும் ரேடாரும் கேமராவும் பாத்துக்குது. எண்ணின பிறகு என்ன பண்றதுன்னு முடிவெடுக்கத்தான் ஆள் வேணும், தம்பி படிக்க ஆசப்படுறது அதத்தான்.

வீட்டுக்காரருக்கு புரியுற மாதிரி ஒன்னு சொல்றேன். ஜப்பான்ல ஒரு சோதனை பண்ணி 2008ல வெளியிட்டாங்க. 230 மீட்டர் சுத்தளவுல ஒரு வட்டம், அதுல 22 கார், எல்லாரும் ஒரே வேகத்துல சுத்தணும் அவ்ளோதான். சிக்னல் இல்ல, பள்ளம் இல்ல, மாடு குறுக்க வரல. ஆனா கொஞ்ச நேரத்துல ஒருத்தர் லேசா வேகத்த குறைக்க பின்னாடி வர்றவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி பிரேக் போட அவருக்குப் பின்னாடி வர்றவர் நின்னே போக, ஜாம் தானா உருவாகிடுச்சு! காருங்க முன்னாடி போகுது, ஜாம் மட்டும் அலை மாதிரி பின்பக்கமா நகருது. ரோட்ட அகலமாக்குனா மட்டும் இது போகாது.

இதுக்குத்தான் லண்டன சுத்திப் போற எம்25 மோட்டார்வேல, ஹீத்ரோ ஏர்போர்ட் பக்கம், 1995லயே மாறுற வேக போர்டு வெச்சாங்க. சாதாரணமா அங்க மணிக்கு 70 மைல் போகலாம், ஆனா கூட்டம் சேர ஆரம்பிச்சுட்டா ரோட்டுக்குள்ள இருக்குற சென்சார் கண்டுபிடிச்சு மேல போர்டுல 60, 50, 40ன்னு தானா மாத்தும். மெதுவா போனா எப்படி சீக்கிரம் போய்ச் சேரும்னு கேப்பாங்க. எல்லாரும் ஒரே சீரா போனா திடீர் பிரேக் குறையும், அந்த பின்னாடி ஓடுற அலை கிளம்பவே வாய்ப்பு கம்மி.

அப்புறம் 2006ல பர்மிங்ஹாம் பக்கத்துல எம்42ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. வண்டி ரிப்பேரானா ஒதுங்குறதுக்குன்னு விட்ட ஓரப்பாதைய கூட்ட நேரத்துல மட்டும் ஓட்டுறதுக்கு திறந்துவிட்டாங்க. புது ரோடு போடுற செலவு இல்லாம ஒரு லேன் கிடைச்சுது, கேக்க அருமையா இருக்கும். ஆனா அடுத்து வந்த பல ரோட்டுல அந்த ஓரப்பாதையவே நிரந்தரமா லேனாக்கிட்டாங்க. நடு ரோட்டுல வண்டி நின்னா ஒதுங்க இடமில்லாம விபத்து, உயிர்பலி, ஜனங்களுக்கு பயம். 2022 ஜனவரில புது வேலைய நிறுத்தி வெச்சாங்க, 2023 ஏப்ரல்ல புதுசா இனி வேண்டாம்னே அரசாங்கம் சொல்லிடுச்சு, செலவும் மக்களுக்கு நம்பிக்க இல்லாததும்தான் காரணம். ஏற்கனவே போட்டது இப்பவும் ஓடுது, நின்ன வண்டிய கண்டுபிடிக்கிற ரேடார் வெச்சிருக்காங்க. தம்பி இந்தக் கதைய முழுசா படிக்கணும்னு நான் பிடிவாதமா சொல்வேன், கேமரா விக்கிற கம்பெனி பிரசன்டேஷன்ல இது வராது.

இன்னொன்னு, அமெரிக்கால மினசோட்டால ஹைவே ஏறுற வழில சிக்னல் வெச்சு வண்டிய ஒன்னொன்னா விடுவாங்க. இதால என்ன பிரயோஜனம்னு அரசியல்வாதிங்க கேட்டதால 2000ல சுமார் 430 சிக்னலையும் சில வாரம் அணைச்சுப் பாத்தாங்க. போற நேரம் 22 சதவீதம் கூடிச்சு, விபத்து 26 சதவீதம் கூடிச்சு. மறுபடி போட்டாங்க, ஆனா காத்திருக்குற நேரத்த குறைச்சுட்டாங்க. ஏறுற வழில நிக்கிறவன் எரிச்சலும் ஒரு கணக்குதான அக்கா.

சரி, நிலத்துக்கு வருவோம். இந்த வருஷம் விக்காதீங்க. அங்க படிச்சு முடிச்சதும் வேலை தேட குடுக்குற 2 வருஷ விசாவ, 2027 ஜனவரிலேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசமா குறைச்சிருக்காங்க, கடன் வாங்கிப் போறவங்களுக்கு அந்த ஆறு மாசம் பெரிய விஷயம். இங்க கேட்ங்கற (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, அண்ணா யுனிவர்சிட்டின்னு டிரான்ஸ்போர்டேஷன் எடுக்கலாம், கேட் ஸ்கோர்ல எம்டெக் சேர்ந்தா உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய் வர வாய்ப்பிருக்கு. அதோட அங்க லேன் பிடிச்சு போற கார்களுக்கு எழுதின கணக்கு, ஆட்டோவும் டூவீலரும் இருக்குற இடுக்குலயெல்லாம் நுழையுற நம்மூருக்கு அப்படியே ஒட்டாது, இங்க தனியா யோசிக்கிற ஆள் வேணும். ஃபாஸ்டேக் 2021லேர்ந்து கட்டாயம், நேஷனல் ஹைவேல கேமராவும் கண்ட்ரோல் ரூமும் வந்துகிட்டே இருக்கு. ஆனா ஒன்னு, கண்ட்ரோல் ரூம்ல ஸ்க்ரீன் பாக்குற ஷிப்ட் வேலைக்கு எம்எஸ்சி தேவையே இல்ல, இவன் படிக்கிறதுன்னா கணக்குப் போடுற பக்கம் போகணும், அதுக்கு புள்ளியியலும் பைத்தான்ங்கற புரோகிராமிங்கும் வேணும். சிவில் பசங்க பாதிப் பேர் இங்கதான் பின்வாங்குவாங்க.

அவனுக்கு உண்மையா ஆசை இருக்கான்னு பாக்க காசே வேண்டாம். இங்கிலாந்து ஹைவே டேட்டா வெப்ட்ரிஸ்னு ஒரு தளத்துல சும்மாவே கிடைக்குது. எம்25ல ஒரு இடத்த எடுத்து ஒரு வார வேகத்தையும் வண்டி எண்ணிக்கையையும் கிராஃப் போட்டு, எந்த நேரத்துல ஏன் வண்டி ஓட்டம் சட்டுன்னு குறையுதுன்னு அவனே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் ஜெர்மனிக்காரங்க பண்ண சூமோன்னு (SUMO) ஒரு டிராஃபிக் சிமுலேஷன் சாஃப்ட்வேர், அதுவும் இலவசம், அதுல ஒரு சின்ன ரோடு வரைஞ்சு வண்டி ஓடவிட்டுப் பாக்கட்டும். ஒரு மாசம் டைம் குடுங்க. பத்து நாள்ல அலுத்துப்போனா நிலமாவது மிஞ்சும், விடாம நோண்டினான்னா காலேஜ்ல அட்மிஷன அடுத்த வருஷத்துக்கு தள்ளி வெப்பாங்களான்னு மெயில் போட்டுக் கேக்கச் சொல்லுங்க, நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க.

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பிய எனக்கு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க, கிராஃப் கையில இருக்கணும். வீட்டுக்காரரும் பக்கத்துல உக்காரட்டும், அவன் முதல்ல அவருக்கு விளக்கட்டும், அப்புறம் எனக்கு.