மோட்டார்ஹோம் ஏசி மதியம் மட்டும் ட்ரிப் ஆகிறதா? முதலில் வோல்டேஜைப் பாருங்கள்

கேள்வி: அரிசோனாவுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். 30 ஆம்ப் இணைப்பு, கூரையில் ஒரே ஏசி. கேம்ப்கிரவுண்டில் இரவெல்லாம் நன்றாக ஓடுகிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் பிரேக்கர் ட்ரிப் ஆகிறது. கேஸ் குறைந்திருக்கும், ஏசியையே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். கேஸ் குறைந்தால் குளிர்தான் குறையும், பிரேக்கர் ட்ரிப் ஆகாது. அதோடு, கூரை ஏசிகள் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடி வருபவை. நம்ம ஊர் ஸ்பிளிட் ஏசி போல கேஸ் ஏற்றும் வால்வு அநேகமாக இருக்காது.

மதியத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. வெயிலில் கம்ப்ரசர் கூடுதல் ஆம்ப் இழுக்கும். கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடுவதால் வோல்டேஜும் இறங்கிவிடும். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் திணறி இன்னும் அதிகம் இழுக்கும், சூடாகும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியை உடனே அணைத்துவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரசர் சுருள் கருகிவிடும்.

எந்த பிரேக்கர் ட்ரிப் ஆகிறது என்று கவனியுங்கள். வெளியே பெடஸ்டலில் (வண்டிக்குக் கரண்ட் தரும் கம்பப் பெட்டியில்) உள்ள 30 ஆம்ப் பிரேக்கர் என்றால் மொத்த லோடு அதிகம், அல்லது வெயிலில் காய்ந்து அந்த பிரேக்கரே பலவீனமாகியிருக்கும். கணக்கு எளிது. 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட்ஸ். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசிக்கு 12 முதல் 15 ஆம்ப் வேண்டும். மைக்ரோவேவுக்கு 12, 13. வாட்டர் ஹீட்டரின் மின்சுருளுக்கு 12. பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தாறு எடுக்கும். வாட்டர் ஹீட்டரை மின்சாரத்திலிருந்து புரொப்பேனுக்கு மாற்றுங்கள், பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வண்டிக்குள் ஏசிக்கென்று இருக்கும் 20 ஆம்ப் பிரேக்கர் ட்ரிப் ஆனால் கோளாறு ஏசி லைனில் மட்டும்.

அடுத்தது அளப்பது. 20 டாலர் மல்டிமீட்டர் போதும். ஏசி அணைந்திருக்கும்போது பெடஸ்டலில் அளந்தால் பயனில்லை. ஏசி முழு வேகத்தில் ஓடும்போது, மதியத்தில், வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் அளக்க வேண்டும். உடனே பெடஸ்டலில் உள்ள 20 ஆம்ப் சாக்கெட்டிலும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் 104 காட்டினால் தவறு கேம்ப்கிரவுண்டுடையது, வேறு இடம் கேளுங்கள். வெளியே 118, உள்ளே 106 என்றால் இடையில் எங்கோ 12 வோல்ட் வெப்பமாகக் கரைகிறது. கேபிள் பிளக்கின் பின்கள் கருகியிருக்கலாம், அடாப்டர் தளர்ந்திருக்கலாம், ஜெனரேட்டருக்கும் பெடஸ்டலுக்கும் மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சில் திருகு லூசாகியிருக்கலாம். அரை மணி நேரம் ஓடியபின் பெடஸ்டல் பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கை மாற்றியே ஆக வேண்டும். எப்போதும் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகவும் பிடுங்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பொறி பறந்து பின்கள் அரித்துவிடும். நீட்டிப்பு கேபிள் தேவையென்றால் 10 கேஜ் (கம்பியின் தடிமன், எண் கூடினால் மெல்லியது), அதற்கு மெல்லியது வேண்டாம்.

வயர் நிறத்தில் மிகவும் கவனம் தேவை. நம்ம ஊர் வீடுகளில் கறுப்பு நியூட்ரல். இங்கே 120 வோல்ட் லைனில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறும் செம்பு எர்த். பழக்கத்தில் கறுப்பைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: வீட்டில் 30 ஆம்ப் சாக்கெட் போடச் சொன்னால், அதைத் துணி உலர்த்தும் டிரையருக்கான சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. முதல்முறை செருகும் முன் அளந்தே தீர வேண்டும். ஊரிலிருந்து ஸ்டெபிலைசர் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அது 230 வோல்ட்டுக்கானது.

வோல்டேஜ் சரியாக இருந்தும் ஃபேன் மட்டும் ஓடி, கம்ப்ரசர் "ம்ம்ம்" என்று முனகி, டக்கென்று நின்றால் ரன் கெபாசிட்டரை, அதாவது கம்ப்ரசர் மோட்டார் கிளம்பி ஓட உதவும் சிறு உருளையை, சந்தேகியுங்கள். மேல்புறம் உப்பியிருந்தால் போய்விட்டது என்று அர்த்தம். உப்பாவிட்டாலும் அளந்து, மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவைவிட 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். பெடஸ்டல் கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டரையும் நிறுத்தி, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து வெளியேற்றிய பிறகே கை வைக்கலாம். கூரை வரை ஏறியது ஏறினீர்கள், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் தகடுகளில் அடைந்த தூசியையும் தட்டிவிடுங்கள். அது அடைத்தாலும் ஆம்ப் ஏறும்.

தெர்மோஸ்டாட் திரையே எரியவில்லை என்றால் விஷயம் வேறு. அது 12 வோல்ட்டில் ஓடுகிறது. பெடஸ்டலில் இணைத்திருந்தும் பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டாவிட்டால் கன்வெர்ட்டர் அல்லது ஃபியூஸ் பக்கம் தேடுங்கள்.

கிராண்ட் கேன்யன் போகும் எண்ணம் இருந்தால்: தென் விளிம்பு 7,000 அடி உயரம். அங்கே 4,000 வாட்ஸ் ஜெனரேட்டர் ஏறக்குறைய கால் பங்கு வலுவை இழக்கும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும், ஜெனரேட்டர் அங்கேதான் திணறும். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி ஒன்றைப் பொருத்தினால் அந்த உச்சம் பாதிக்கும் கீழே இறங்கும். ஏசியை அணைத்தால் ஐந்து நிமிடம் விட்டே மறுபடி போடுங்கள்.

நாளை மதியம் அளந்துவிட்டு, பெடஸ்டலில் எத்தனை வோல்ட், உள்ளே எத்தனை, எந்த பிரேக்கர் என்று எழுதுங்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.