பிரான்ஸ் கிராமப்புறத்தில் நடக்க லே புய் பாதையில் எந்தப் பகுதி நல்லது? கோங்க் தாண்டினால் ஒன்றுமே இல்லையாமே?

உங்களிடம் யார் அப்படிச் சொன்னார்களோ, அவர்கள் பாதி வழியில் வரும் கோங்க் கிராமத்திலேயே பஸ் ஏறித் திரும்பியவர்களாக இருக்க வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். நான் லியோனில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவள். உங்களுக்குப் பத்து நாள் விடுமுறை, மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் பதில்: கோங்க்குக்கு அப்புறம் வரும் ஃபிஜாக் என்ற ஊரில் ஆரம்பித்து காவோர் நகரம் வரை நடங்கள்.

முதலில் பின்னணி. லே புய் நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதை இது. லே புய் பிஷப் கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு கிளம்பிப் போனதாகப் பதிவு இருக்கிறது. இன்று அதே வழியை ஒட்டித்தான் ஜி.ஆர். 65 என்ற நெடுந்தூர நடைப்பயணப் பாதை போகிறது. கோங்க்குக்கு முன்னால் வரும் அப்ராக் மேட்டுநிலமும் கோங்க்கும் அழகில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வந்துவிடாதீர்கள். கோங்க் தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கும் 124 உருவங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அரை நாள் நிற்கலாம். ஆனால் 1998இல் யுனெஸ்கோ பிரான்ஸின் யாத்திரைப் பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நடக்கும் பாதையாகவே ஏழு துண்டுகளைத் தேர்ந்தெடுத்தது. ஏழும் லே புய் பாதையில் இருப்பவை. அவற்றில் ஐந்து கோங்க்குக்கு அப்புறம்தான் வருகின்றன. ஃபிஜாக்குக்கும் காவோருக்கும் நடுவில் மட்டும் இரண்டு. ஒன்றுமே இல்லாத இடத்தை எதற்கு அவர்கள் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள்?

இந்தப் பகுதியின் பழைய பெயர் கெர்சி. பெரிய மலை கிடையாது, நிலம் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்புக்கல் மேடு, அதில் குட்டையான ஓக் மரங்கள். பாதையின் இருபுறமும் சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், நடுநடுவே அதே கல்லால் கட்டிய சின்னக் குடிசைகள். கிரேஆலு கிராமத்தைத் தாண்டியதும் பாதை ஓரமாகவே ஒரு கல்திட்டை நிற்கிறது. யாத்திரை என்ற ஒன்று தொடங்குவதற்குப் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் வைத்த கல். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடலாம்.

அந்த மேட்டில்தான் எனக்கு மறக்க முடியாத ஒரு மனிதரைச் சந்திக்கக் கிடைத்தது. எழுபது வயது இருக்கும். கையில் வெள்ளை ஒரு டப்பா, சிவப்பு ஒரு டப்பா, இடுப்பில் கம்பி பிரஷ். மரத்தில் படர்ந்த பாசியைச் சுரண்டிவிட்டு மேலே வெள்ளைப் பட்டை, கீழே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜி.ஆர். பாதைகளின் அடையாளம் அதுதான். பெருக்கல் குறி மாதிரிப் போட்டிருந்தால் இந்த வழி இல்லை, திரும்பு என்று அர்த்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். நடையர் கூட்டமைப்பு அவரிடம் ஒரு துண்டுப் பாதையை ஒப்படைத்திருக்கிறது, சம்பளம் கிடையாது. பிரான்ஸ் முழுக்க இந்தக் குறிகளை இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான் போடுகிறார்கள். 1947லிருந்து நடக்கும் வேலை இது. மதியம் வரை அவர் கூடவே நடந்தேன், டப்பாவைத் தூக்கிக் கொடுத்தேன். பாதை பல இடத்தில் தனியார் நிலத்துக்குள்தான் போகிறது, சொந்தக்காரர் சம்மதித்தால்தான் நீடிக்கும் என்று விளக்கினார். யாராவது ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் சொந்தக்காரரிடம் திட்டு வாங்குபவர் இவர்தான். அதனால் திறந்த கதவை மூடுங்கள், தயவுசெய்து.

நான் போனது அக்டோபரில். பலர் மே மாதம்தான் நல்லது என்பார்கள், அவர்களோடு எனக்கு விவாதம் இல்லை. எனக்கு அக்டோபர்தான் கிடைக்கும். எங்கள் அலுவலகத்தில் ஜூலை, ஆகஸ்ட் லீவு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு முதலில், மிச்சம் மீதி மற்றவர்களுக்கு. எனக்குப் பிள்ளை இல்லை, படுத்த படுக்கையாக அம்மா இருக்கிறார். அண்ணன் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளக்கூடியது ஆகஸ்டில்தான் என்று எத்தனை தடவை எழுதிக் கொடுத்தும், அது குடும்பக் காரணம் இல்லையாம். பெற்றவளைப் பார்ப்பது குடும்பம் இல்லை என்றால் எதுதான் குடும்பம்? சரி, அதை விடுங்கள். அக்டோபரில், இதே வழியில் வரும் கஜார்க் ஊர்ப் பக்கம் குங்குமப்பூ பூத்திருக்கும், சின்னச் சின்னப் பாத்திகளில் ஊதா நிறத்தில். அது வேட்டைக் காலமும்கூட. வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

தண்ணீர்தான் இங்கே கவனிக்க வேண்டியது. சுண்ணாம்புப் பாறை மழையை அப்படியே உள்ளே இழுத்துவிடும், மேட்டில் ஓடை பார்ப்பது அரிது. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும். கிராமக் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும், நடக்கிறவர்கள் அங்கேதான் பிடித்துக்கொள்வது வழக்கம். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிராமத்துக் கடைகள் ஞாயிறு மதியமும் திங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தங்குவதற்கு ‘ஜீத்’ என்ற விடுதிகள் உண்டு. இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்தே பதிவு செய்யலாம், எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சைவம் என்பதை முன்னாடியே போனில் சொல்லிவிடுங்கள். இது வாத்துக்கறி ஊர், போய் நின்று சொன்னால் சிரமம். எனக்கு ஆட்டுப்பால் சீஸ், வால்நட், முட்டை ஆம்லெட், காய்கறி சூப் என்று வயிறாரவே கிடைத்தது. முட்டை சேர்க்காதவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

காவோருக்குள் நுழைந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாமல் வலாந்த்ரே பாலத்துக்குப் போங்கள். 1308இல் கட்டத் தொடங்கிய பாலம், மேலே மூன்று கோபுரம். கட்டியவர் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு அவனை ஏமாற்றினார், அந்தக் கோபத்தில் ஒவ்வொரு ராத்திரியும் அவன் ஒரு கல்லைப் பிடுங்கிப் போட்டான் என்று கதை. 1879இல் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர், நடுக் கோபுரத்தில் கல்லைப் பிடுங்கும் குட்டிச் சாத்தான் சிலை ஒன்றைச் செதுக்கச் சொல்லி வைத்தார். கண்ணை இடுக்கித் தேடினால் தெரியும்.

ஃபிஜாக்கிலிருந்து காவோர் 90 கிலோமீட்டர் சுமார். ஒரு வாரத்தில் மெதுவாக நடக்கலாம், இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் காவோருக்கு அப்புறமும் ஓரிரண்டு நாள், பாதையில் அடுத்து வரும் முவாசாக் ஊர்ப் பக்கமாகப் போய்ப் பாருங்கள். பையை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை இருக்கிறது, முந்தின நாளே சொல்லிவைத்தால் போதும். முதுகில் சுமந்தால்தான் யாத்திரை என்று ஜீத்தில் யாராவது பாடம் எடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவியின் பையை முதல் நாளிலிருந்தே வேனில் அனுப்பிவிடுங்கள்.