கிளிப் போட்டால் தாடை நேராகுமா?

கேள்வி: எனக்கு 26 வயது, காரைக்குடியில் வசிக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளாக என் மோவாய் இடப்பக்கம் ஒதுங்கி வருவதாக வீட்டில் சொல்கிறார்கள். வரன் பார்க்கத் தொடங்கியிருப்பதால் அம்மாவுக்குக் கவலை. 18 மாதம் கிளிப் போட்டால் தாடை நேராகிவிடும் என்றும், இந்த மாதத்திற்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். கிளிப் பற்களை நகர்த்தும். வளர்ந்து முடிந்த தாடை எலும்பின் நீளத்தை அது மாற்றாது. மேல்தாடையின் வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிடும். கீழ்த்தாடை பெண்களுக்கு 16, 17 வயது வரையிலும், ஆண்களுக்கு 20 வயதை ஒட்டியும் வளர்ந்து அடங்கும்.

எவருடைய முகத்திலும் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கைபேசியை அருகில் பிடித்து எடுத்த படம் முகத்தை மேலும் திரித்துக் காட்டும் என்பதால், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடியின் முன் நேராக அமர்ந்து வாயை மெதுவாக முழுவதும் திறந்து, பின் மூடிப் பாருங்கள். திறந்திருக்கும்போது நடுவில் நிற்கும் மோவாய், பற்கள் தொடும் கடைசி நொடியில் இடப்பக்கம் சறுக்கினால், பற்கள் தவறாக இடிப்பதால் தாடை வழிமாறுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குக் கிளிப் நல்ல பலன் தரும். திறந்தாலும் மூடினாலும் ஒதுங்கியே இருந்தால் கோணல் எலும்பில் இருக்கிறது. மேல்தாடையும் சாய்ந்திருக்கிறதா என்றறிய, சுத்தமான ஐஸ் குச்சி ஒன்றை இருபுறக் கோரைப் பற்களுக்கும் குறுக்கே கடித்துக்கொண்டு, அது கண்களின் கோட்டோடு இணையாக இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘ஒதுங்கி வருவதாக’ என்பதே. வளர்ச்சி நின்றுபோன வயதில் கோணல் கூடுகிறது என்றால், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டின் தலைப்பகுதி ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். மோவாய் இடப்பக்கம் போனால் வலது மூட்டையே முதலில் சந்தேகிப்போம். இது அரிது, எனினும் இருபதுகளில் உள்ள பெண்களிடம் காணப்படுவதுதான். இந்நிலையில் கிளிப்போ அறுவை சிகிச்சையோ செய்து நேராக்கினாலும், மூட்டு வளர வளர மறுபடி கோணும். சென்ற ஆண்டு தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் இளைஞர் பள்ளி அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், சிங்கப்பூர் வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட் படம் மூன்றையும் என் மேசையில் வரிசையாக வைத்தார். மோவாய் நகர்ந்த கதையை அந்த மூன்று படங்களே சொல்லிவிட்டன. உங்கள் வீட்டு ஆல்பத்தையும் அப்படிப் புரட்டுங்கள். ஐயம் உறுதிப்பட்டால், சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி மூலம் செலுத்திப் பார்க்கும் எலும்பு ஸ்கேன் எடுக்க நேரும். அண்மையில் பல் பிடுங்கியிருந்தாலோ மூட்டில் அழற்சி இருந்தாலோ அந்த ஸ்கேன் ஏமாற்றும் என்பதால், பல் அச்சையும் படங்களையும் ஆறு மாதம், ஓராண்டு இடைவெளியில் ஒப்பிட்டும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பழைய எக்ஸ்ரே வேண்டும். அது யார் கையிலும் இருப்பதில்லை. காசு கொடுத்து எடுத்த படத்தை நோயாளியிடம் கொடுத்தனுப்ப ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தொடங்கினால் வளர்ச்சியை எதனோடு ஒப்பிடுவது? படத்தைக் கேட்டு வாங்குங்கள், கைபேசியில் படம்பிடித்தாவது வையுங்கள்.

இன்னொன்று, தள்ளுபடிக்குக் கெடு வைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் பெறும் தரகர்களும், முகத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும், எக்ஸ்ரேயே வேண்டாம், அலைனர் (கிளிப்புக்குப் பதிலாகப் பற்கள்மேல் மாட்டும் ஒளிபுகும் உறை) தபாலில் வரும் என்பவர்களும் இப்போது பெருகிவிட்டனர். மூட்டைப் பார்க்காதவர் உங்கள் தாடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பி.டி.எஸ்.ஸுக்குப் பின் மூன்றாண்டு பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரிடம், “கோணல் பல்லிலா, எலும்பிலா? வளர்ச்சி நின்றுவிட்டதா?” என்ற இரண்டைக் கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை; அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம், ஆனால் கமிஷன் கேட்கும் ஆள் இருக்கமாட்டார்.

எலும்புக் கோணல்தான், வளர்ச்சியும் நின்றுவிட்டது என்றால், பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிளிப் போட்டுப் பற்களை ஆயத்தப்படுத்திய பின்னரே தாடை அறுவை சிகிச்சை நடக்கும். அதன்பின் கீழுதட்டில் மரத்துப்போகும் உணர்வு சிலருக்கு நீடிக்கலாம். அந்த ஆயத்தக் காலத்தில் கோணல் முன்பைவிடக் கூடுதலாகவே தெரியும் என்பதால், இடையில் திருமணம் கூடிவந்தால் அதை முடித்துக்கொண்டு பிறகு கிளிப் போடலாம்; மூட்டு வளர்கிறதா என்ற பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.