வாய்வழிப் பெயர் இருக்கும்போது இணையம் எதற்கு?

மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு தொழிலைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘எனக்கு வரும் வேலையெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லி வருவதுதான். இணையத்தில் இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும் என்று ஓர் ஏஜென்சிக்காரர் பயமுறுத்துகிறார். இணையதளம், கூகுளில் முதலிடம், சமூக வலைதளப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகச் செய்து தருவதாகச் சொல்லி, ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?’

இணையத்தில் இருக்க வேண்டுமா என்றால், வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதில்தான் ஏஜென்சிக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

தெரிந்தவர் சொல்லி வருகிறவர்களும் இன்று நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. பெயரைக் கேட்டதும் கைபேசியில் தேடுகிறார்கள். இப்போது திறந்திருக்குமா, எந்த எண்ணில் அழைப்பது, எந்த வழியாகப் போவது என்று பார்க்கிறார்கள். அங்கே உங்கள் பெயர் இல்லாவிட்டாலோ, நீங்கள் எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண் இருந்தாலோ, அந்தப் பரிந்துரை பாதி வழியில் நின்றுபோகிறது. வராமல் போனவர் அதை உங்களிடம் சொல்லப்போவதில்லை என்பதால், நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதுமில்லை. மேலும், கூகுள் வரைபடத்தில் ஒரு கடையைச் சேர்ப்பதற்கும், அது நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்று திருத்தம் முன்வைப்பதற்கும் யாராலும் முடியும். உங்களைப் பற்றிய தகவல் உங்களுக்குத் தெரியாமலேயே அங்கே இருக்கக்கூடும். அதைச் சரியாக வைத்துக்கொள்ளும் உரிமையையாவது நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கான முதல் வேலைக்குக் கட்டணமே கிடையாது. கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலின் பெயர், எண், நேரம் ஆகியவற்றைக் காட்டும் பதிவுதான் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’. 2021 வரை ‘கூகுள் மை பிசினஸ்’ என்று வழங்கிவந்த இது முற்றிலும் இலவசம். அருகிலுள்ள தொழில்களைக் கூகுள் வரிசைப்படுத்தும்போது மூன்றைப் பார்ப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து நீங்கள் இருக்கும் தூரம், உங்கள் தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்றும் அது எழுதியே வைத்திருக்கிறது. விளம்பரம் தனி, அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும். தூரமும் கணக்கில் வருவதால், ஒருவருக்கு முதலில் தெரியும் கடை சில தெருக்கள் தள்ளி நின்று தேடுபவருக்கு நான்காவதாகத் தெரியலாம். ஆகவே ‘முதலிடம் உத்தரவாதம்’ என்பவர், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். மதிப்புரைகளை மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் தண்டனை உங்கள் கணக்குக்குத்தான்.

பதிவு இலவசமே தவிர, எளிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள்தான் உரிமையாளர் என்பதை நிறுவ, பெயர்ப்பலகையையும் உள்ளிருக்கும் கருவிகளையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாகப் பிடித்து அனுப்பச் சொல்லக்கூடும். அது நிராகரிக்கப்பட்டால் என்ன குறை என்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. எழுதிவைத்த வாசகமே பதிலாக வரும். உலகத்துக்கே வழிகாட்டும் ஒரு நிறுவனம் தன்னிடம் வரும் சிறுதொழில்காரருக்கு வழி சொல்வதில் காட்டும் இந்த அலட்சியம்தான், இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. பொறுமையாக மீண்டும் அனுப்புங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கடை என்று ஒன்றை வைக்காமல், வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று வேலை செய்பவர்கள் தங்கள் முகவரியை வெளியில் காட்டக் கூடாது. அதை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிட வேண்டும். அதிகபட்சம் இருபது பகுதிகளைக் குறிப்பிடலாம். கடைக்கும் வாடிக்கையாளர் வருகிறார், நீங்களும் போகிறீர்கள் என்றால் முகவரி, பகுதி இரண்டையும் காட்டலாம். ஆனால் நகரின் மையத்தில் இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக வாடகைக்கு ஒரு பெயரளவு முகவரியையோ அஞ்சல் பெட்டி எண்ணையோ கொடுப்பது விதிமீறல். ஏஜென்சிக்காரர்கள் இதைத் தந்திரம் என்று சொல்லிக்கொடுப்பார்கள்; கணக்கு முடக்கப்படும் நாளில் அவர்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கும் இதே விதிதான்: வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரி மறைந்தே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கட்டணத்தைவிட உரிமையைத்தான். இணையதளத்தின் முகவரியாகிய டொமைன், நிலப்பத்திரம் போன்றது. அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலைக் கொண்டு திறந்த கணக்கில் பதிவாக வேண்டும். ‘அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஏஜென்சி தன் கணக்கில் பதிவு செய்துகொண்டால், உறவு முறியும் நாளில் பெயர்ப்பலகையும் விசிட்டிங் கார்டும் சுட்டுகிற முகவரி அவர் வசம் இருக்கும். ஒப்பந்தம் முறிந்த பிறகு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறார்கள். டாட் காம் போன்ற முகவரிகளை ஒரே தடவையில் பத்தாண்டுகள் வரைதான் பதிவு செய்ய முடியும்; ‘வாழ்நாள் டொமைன்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். புதுப்பிக்கத் தவறினால் மீட்பதற்குக் கொஞ்ச காலம் கிடைக்கும், அதற்கும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் வேறு எவரும் அதை வாங்கிக்கொள்ளலாம். கூகுள் புரொஃபைலிலும் முதன்மை உரிமையாளர் நீங்களாகவே இருந்துகொண்டு, ஏஜென்சிக்கு மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை.

சமூக வலைதளங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: வாரம் ஒரு முறை, பழுதான பொருளையும் சரிசெய்த பொருளையும் படமெடுத்துப் போட உங்களுக்கு நேரமிருந்தால் ஒரே ஒரு தளத்தில் தொடங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தொழிலின் ஒரே முகவரியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்; பிறர் நடத்தும் தளத்தை அவர்கள் நினைத்தால் மூடிவிடலாம். கூகுள் புரொஃபைல் வழியாகச் சிறுதொழில்காரர்களுக்கு இலவசமாகக் கட்டித்தந்த இணையதளங்களைக்கூட, 2024 மார்ச் மாதத்தில் அந்த நிறுவனம் மொத்தமாக மூடிவிட்டது.

ஏஜென்சிக்காரர் மறுபடி வரும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள்: டொமைன் யார் பெயரில் பதிவாகும், புரொஃபைலின் முதன்மை உரிமையாளர் யார், ஒப்பந்தம் நின்றால் எத்தனை நாளில் எல்லாவற்றையும் ஒப்படைப்பார். மூன்றுக்கும் நேரான பதில் எழுதிக் கொடுத்தால், ஓராண்டுக்குப் பதிலாக மாதக் கட்டணத்தில், இணையதள வேலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். புரொஃபைலை இந்த வாரமே நீங்களே திறந்துவிடுங்கள். அதற்கு அவரை எதிர்பார்த்திருக்க வேண்டாம்.