தெரு ரோட்டுக்குப் பணமில்லை என்கிறார்கள், புது அலுவலகத்துக்கு மட்டும் எப்படிக் கோடிகள் வருகின்றன?

உங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் புது அலுவலகக் கட்டடத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. வார்டு ரோடு கேட்ட கவுன்சிலருக்கு "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று நகராட்சி இன்ஜினியர் பதில் சொன்னார். இது அநியாயமில்லையா என்று கேட்கிறீர்கள். ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அந்த இன்ஜினியர் பொய் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. முழு உண்மையையும் சொல்லியிருக்க மாட்டார்.

நகராட்சிக்கு ஒரே கஜானா கிடையாது. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்கு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் இஷ்டத்துக்குச் செலவழித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள். திட்ட நிதிக்கு இன்னும் கெடுபிடி. பஸ் ஸ்டாண்டுக்கு என்று அரசாணை வந்தால் பஸ் ஸ்டாண்டுதான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்த 11 ஊர்களிலும் இதே கதைதான். மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்திலும், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டுத்தான் கொடுத்தார்கள்.

ரோடு விஷயத்துக்கு வருவோம். புது ரோடு போடத் திட்ட நிதி கிடைக்கும். பள்ளம் மூடுவதற்கு என்று மானியம் கிடைப்பது அரிது. அந்தச் செலவு சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, மாநில நிதிக்குழுப் பங்கு (மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து தருவது) ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். அந்தப் பங்கிலும் ஓய்வூதியம், கடன் தவணை எல்லாம் பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். சொத்து வரியோ, 2022 உயர்வுக்கு முன் சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வே காணவில்லை. தார் விலை அதுவரை காத்திருக்குமா? 2022ல் வீடுகளுக்கு அளவையும் இடத்தையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏற்றியபோது ஊரே கத்தியது. கத்தியதில் நியாயம் இருந்தது. ஆனால் பேட்ச் வொர்க்குக்கு இருப்பதும் அந்தக் காசுதான்.

விளைவைப் பாருங்கள். தார் ரோட்டில் விரிசல் விட்டதுமே அடைத்தால் செலவு சொற்பம். விட்டால் மழைத்தண்ணீர் அடியில் இறங்கி ஜல்லியே பெயர்ந்துவிடும். ரோடு முழுதாகச் செத்த பிறகு புது ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுவார்கள், அதற்கு நிதி வரும். பழுது பார்க்காமல் விடுவதுதான் நகராட்சிக்கு லாபம் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். (பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிவிட்டு மூடாமல் போவது தனிக் கொடுமை, இன்னொரு பதிலில் பேசலாம்.)

அப்படியானால் கட்டடத்துக்கும் உங்கள் தெருவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. தீர்மானத்தில் அது தெரியாது, அவ்வளவுதான். பல திட்டங்களில் நகராட்சியும் ஒரு பங்கு போட வேண்டும், சில சமயம் அதற்குக் கடனும் வாங்க வேண்டும். கட்டி முடித்ததும் கரண்ட் பில், லிஃப்ட், ஏசி, காவலாள், வெள்ளையடிப்பு எல்லாம் பேட்ச் வொர்க் பணம் இருக்கும் அதே வருவாய்க் கணக்கில் வந்து விழும். கவுன்சிலர் கேட்டிருக்க வேண்டியது "ஏன் கட்டுகிறீர்கள்" என்பதை அல்ல. நம் பங்கு எவ்வளவு, தவணை எத்தனை வருஷம், பராமரிப்புக்கு வருஷத்துக்கு என்ன ஆகும் என்றுதான்.

புது அலுவலகத்துக்கே நான் எதிரி இல்லை. மழை ஒழுகும் அறையில் வரிப் பதிவேடுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். வரி வசூலிக்கிற ஆபீஸ் ஒழுங்காக இருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் வணிக வளாகங்கள் மேல்தான். வாடகை கொட்டும் என்று கணக்குக் காட்டிக் கட்டுவார்கள். பிறகு வைப்புத்தொகையைத் தாங்க முடியாத அளவுக்கு வைத்து, ஏலம் போகாத கடைகளைப் பூட்டிப் போட்டிருப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1ல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் நடந்தால் போங்கள். பொதுவாக "ரோடு போடுங்கள்" என்று கேட்காதீர்கள். பட்ஜெட் புத்தகத்தில் சாலைப் பராமரிப்பு என்ற தலைப்பில், கடந்த ஆண்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்தான்.